கடிகாரத்துக்கு வாரத்தில் ஒரு நாள்: பெரியவர்களின் நீச்சல் குழுவை நடத்தும் முறை

காலை 6 மணி பேட்ச். ஒரே லேனில் ஆறு பேர். ஒருவர் சுவரைத் தொட்டதும் முதலில் மணிக்கட்டைப் பார்க்கிறார், அப்புறம்தான் மூச்சு வாங்குகிறார். இன்னொருவர் அதே சுவரில் சாய்ந்துகொண்டு நேற்றைய மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். முன்னவருக்கு "வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்று எரிச்சல். பின்னவருக்கு "என்னமோ ஒலிம்பிக்ஸ் போற மாதிரி அலட்டல்" என்று சிரிப்பு. மூன்று மாதம் இப்படியே போனால் யாராவது ஒருவர் நின்றுவிடுவார். நிற்கிறவர் சண்டை போட்டுவிட்டு நிற்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வராமலே போய்விடுவார்.

இதைக் குணத் தகராறாக எடுத்துக்கொள்வதுதான் பல குழுக்கள் செய்யும் தவறு. முக்கால்வாசி இது ஏற்பாட்டுக் கோளாறு. லேனை எப்படிப் பிரித்தீர்கள், ஒருவருக்குப் பின் ஒருவர் எத்தனை நொடி விட்டுக் கிளம்புகிறீர்கள், ஸ்டாப்வாட்ச் எந்த நாளில் வெளியே வருகிறது என்ற மூன்றையும் ஒழுங்குபடுத்தினால், அதே ஆறு பேர் அதே குளத்தில் வருடக்கணக்கில் நீந்தலாம்.

முதலில் குளத்தை அளங்கள்

சிரிக்க வேண்டாம். அபார்ட்மென்ட், கிளப், ஓட்டல் குளங்களில் பல 25 மீட்டர் கிடையாது. 20 மீட்டர் உண்டு, 18 உண்டு, 25 கெஜம் உண்டு. 25 கெஜம் என்றால் 22.86 மீட்டர். நாலு நீளம் போனால் 91.44 மீட்டர்தான் ஆகிறது. அங்கே "நூறை 1:50-ல் முடிச்சேன்" என்கிறவர், உண்மையான நூறை 2 நிமிடத்தில் நீந்துகிறவர். அவரைச் சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற 50 மீட்டர் குளத்தில் இறக்கினால், அங்கே டர்னும் (சுவரில் திரும்பி உதைப்பது) குறைவு என்பதால், நேரம் இன்னும் கூடும். மனசு விட்டுப்போகும். நேரம் கெட்டுப்போகவில்லை, அளவுதான் மாறிவிட்டது.

கட்டட வேலைக்கு வைத்திருக்கும் 30 மீட்டர் டேப்பைக் கடன் வாங்கி, சுவர் முதல் சுவர் வரை தண்ணீர் மட்டத்தில் ஒருமுறை அளந்து பலகையில் எழுதிவையுங்கள். ஆழத்தையும் சேர்த்து எழுதுங்கள், அதற்குப் பின்னால் தேவை வரும். இரண்டு குளங்களின் நேரங்களை ஒரே பட்டியலில் கலக்கவே கூடாது. 25 மீட்டர் குளத்தில் நூறுக்கு மூன்று டர்ன், 50 மீட்டரில் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைக்கும் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆளுக்கு ஒரு எண்

லேன் பிரிக்க எண் வேண்டும். 'வேகம்', 'நடுத்தரம்', 'மெதுவு' என்று பலகை வைத்தால் ஆட்கள் கௌரவத்தைப் பார்த்து லேன் தேர்ந்தெடுப்பார்கள். நாற்பது வயதுக்காரர் யாரும் தன் காலாலே நடந்துபோய் 'மெதுவு' லேனில் இறங்க மாட்டார்.

எண் எடுக்கும் முறை இது. 10 நிமிடம் நிதானமாக நீந்தி உடம்பைச் சூடாக்குங்கள். சுவரை உதைத்துக் கிளம்பி 400 மீட்டர், முடிந்தவரை சீரான வேகத்தில். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 8 முதல் 10 நிமிடம் ஓய்வு, நடுவில் சும்மா ஓரிரு நீளம். பிறகு அதே போலக் கிளம்பி 200 மீட்டர். பெரிய நேரத்திலிருந்து சின்ன நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால், நூறு மீட்டருக்கு உங்கள் தாக்குப்பிடிக்கும் வேகம் கிடைக்கும்.

உதாரணமாக 400 மீட்டர் 9:20, அதாவது 560 நொடி. 200 மீட்டர் 4:30, அதாவது 270 நொடி. வித்தியாசம் 290. பாதி 145. ஆக, நூறுக்கு 2:25.

இதில் இரண்டு இடத்தில் தப்பு நடக்கும். 400-ன் முதல் ஐம்பதைப் பாய்ந்து போய்க் கடைசி நூறில் தள்ளாடினால், 400-ன் நேரம் வீங்கி, எண் உண்மையைவிட மெதுவாக வரும். 200-ஐ அசதியில் சோம்பலாக நீந்தினால் வித்தியாசம் சுருங்கி, எண் உண்மையைவிட வேகமாக வரும். இரண்டாவதுதான் ஆபத்து. அந்தப் பொய் எண்ணை வைத்துப் போடும் பயிற்சி ஒவ்வொரு வாரமும் பாதியில் உடையும், அவரும் 'எனக்கு ஸ்டாமினா இல்லை' என்று முடிவு கட்டிவிடுவார். 400 மீட்டர் நிற்காமல் போக முடியாதவர்களை இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். 4 முறை 50 மீட்டர், நடுவே 30 நொடி ஓய்வு, சராசரியை இரட்டிப்பாக்குங்கள். அது இப்போதைக்குப் போதும்.

சோதனை 8 வாரத்துக்கு ஒருமுறை. அதற்குள் அடிக்கடி வைத்தால் எண் நகராது, ஆட்கள்தான் அலுத்துப்போவார்கள்.

லேன் ஒழுங்கு

பலகையில் 'வேகம்' என்பதற்குப் பதிலாகப் புறப்படும் இடைவெளியை எழுதுங்கள்: 3:30, 2:45, 2:15. நூறு மீட்டரை முடித்து, மூச்சு வாங்கி, அடுத்த நூறுக்குக் கிளம்பும் வரை ஆகும் மொத்த நேரம் அது. 2:25 எண் வைத்திருப்பவர் 2:45 லேனில் 20 நொடி ஓய்வோடு வசதியாக இருப்பார். 2:15 லேனில் அவருக்கு ஓய்வே கிடைக்காது. மூன்றாவது நூறிலேயே பின்னால் வருபவர் அவர் காலைத் தட்டிக்கொண்டிருப்பார். எண்ணோடு யாரும் சண்டை போட முடியாது. கோச் "சார், நீங்க அந்த லேனுக்குப் போங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டாம்.

லேனுக்குள் சாலையைப் போல இடப்பக்கம் போய் இடப்பக்கமே திரும்பி வருவது நம் ஆட்களுக்குச் சுலபம். (வெளிநாட்டு நீச்சல் போட்டிகளில், அதாவது மீட்டுகளில், வலப்பக்கம் போகும் வழக்கமும் உண்டு. வார்ம்-அப்பில் இறங்கும் முன் அறிவிப்பைக் கவனியுங்கள், எதிரே வருபவர் தலையில் மோதிய பிறகு கேட்டுப் பயனில்லை.) 25 மீட்டர் குளத்தில் 5 நொடி, 50 மீட்டரில் 10 நொடி இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். முன்னால் போகிறவரின் பாதத்தை ஒட்டியே நீந்துவது சுகமாக இருக்கும், ஏனென்றால் தண்ணீரைக் கிழிக்கும் வேலையை அவர் செய்கிறார். ஆறு நூறையும் அப்படிப் போய்விட்டு "இன்னிக்கு நல்லா வந்துச்சு" என்றால் அது அவருடைய நேரம், உங்களுடையது அல்ல.

முந்த வேண்டுமா? பாதத்தை ஒரே ஒரு முறை தட்டுங்கள். தட்டப்பட்டவர் அடுத்த சுவரில் மூலையை ஒட்டி நின்று வழி விடட்டும். நடுக்குளத்தில் முந்தாதீர்கள், எதிரே ஆள் வருகிறார். ஒரு சுற்றை விட்டுவிட்டு நிற்கிறவர்கள் லேன் கயிற்றோடு ஒட்டி மூலையில் நிற்க வேண்டும். சுவரின் நடுப்பகுதி டர்ன் போடுகிறவருக்கு உரியது. பேச்சு தாராளமாக நடக்கட்டும், மூலையில் நடக்கட்டும். குழுவில் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்தோடு அடங்கிவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், மரியாதை. லேனில் வயதில் மூத்தவரோ பதவியில் பெரியவரோ இருந்தால், "நீங்க முதல்ல போங்க சார்" என்று எல்லாரும் ஒதுங்குவார்கள். சார் நூறுக்கு 2:50 போவார். பின்னால் 2:25 போகிற நாலு பேர் தவளை மாதிரி மிதந்துகொண்டு வருவார்கள். சாருக்கும் பின்னாலேயே மூச்சுச் சத்தம் கேட்கிற சங்கடம். இதைத் தவிர்க்க, புறப்படும் வரிசையைக் கோச்சே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று நூறுக்கு ஒருமுறை வரிசையை மாற்றினால் இன்னும் நல்லது.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) நீந்துகிறவர்களுக்கு முடிந்தால் தனி லேன் கொடுங்கள். அந்த உதை பக்கவாட்டில் விரியும், பக்கத்தில் வருபவரின் முழங்காலோ விரலோ மாட்டும். தனி லேனுக்கு இடமில்லை என்றால் அந்தச் சுற்றை லேனில் எல்லாருமே பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துங்கள்.

கிணற்றிலும் ஆற்றிலும் கற்றவர்கள் குழுவில் நிச்சயம் இருப்பார்கள். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்ற தலைமுறைக்குத் தண்ணீர் பயம் கிடையாது, அது பெரிய சொத்து. ஆனால் தலையைத் தூக்கியே நீந்துவார்கள். தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் ஏரில் பூட்டிய கலப்பை மாதிரி தண்ணீரை உழுதுகொண்டு வரும். 4 முறை 25 மீட்டர், பார்வை தரையில் ஓடும் கருப்புக் கோட்டில், மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே குமிழியாக விடுவது, மூச்செடுக்கும்போது காகிள்ஸின் (நீச்சல் கண்ணாடி) ஒரு பக்கம் தண்ணீரில் இருக்க இன்னொன்று மட்டும் வெளியே வருவது. இதைத் தொழில்நுட்ப நாளில் மட்டும் சொல்லுங்கள் (நாட்களை எப்படிப் பிரிப்பது என்பது கீழே). விளையாட்டு நாளில் திருத்தினால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார்.

வாரத்தைப் பிரிப்பது

மூன்று நாள் கூடுகிற குழு என்றால்: ஒரு நாள் கடிகாரம், ஒரு நாள் தொழில்நுட்பம், ஒரு நாள் விளையாட்டு. இரண்டு நாள்தான் என்றால் கடிகார நாள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். மற்ற நாட்களில் யார் கையிலும் வாட்ச் இருக்கலாம், நேரத்தைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. ஸ்டிராவா (பயிற்சியைப் பதிவு செய்யும் ஆப்) ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடும் ஆசையும் கடிகார நாளுக்கு மட்டும். சின்ன விதிதான், ஆனால் எழுதி ஒட்டாவிட்டால் இரண்டாவது வாரமே காற்றில் போய்விடும்.

கடிகார நாளை ஒரு மணி நேரத்தில் இப்படி அமைக்கலாம். 2:45 லேனுக்கான கணக்கு இது.

வார்ம்-அப் 300 மீட்டர், சுமார் 9 நிமிடம்.
4 × 50 டிரில் (நுட்பப் பயிற்சி), நடுவே 20 நொடி, சுமார் 7 நிமிடம்.
6 × 100 ஃப்ரீஸ்டைல், 2:45 இடைவெளியில், 16½ நிமிடம்.
ரிலே அல்லது விளையாட்டு, 12 நிமிடம்.
மெதுவாக 200 மீட்டர், 6 நிமிடம்.

மிச்சம் 9½ நிமிடம் இருக்கிறதே என்று இன்னொரு சுற்றைத் திணிக்காதீர்கள். காகிள்ஸ் பட்டி அறும், விளக்கம் கேட்பார்கள், யாராவது பாத்ரூம் போவார்கள். அந்த 9½ நிமிடம் எப்படியும் காலியாகும்.

அந்த 6 × 100-ஐக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் போட்டி மனம் நன்மை செய்வதும் கெடுப்பதும் அங்கேதான். 2:25 எண் உள்ளவர் பக்கத்து லேன்காரரைப் பிடிக்கக் கிளம்பினால் கணக்கு இப்படி வரும்: 2:08, 2:13, 2:29, 2:41. ஐந்தாவதில் காகிள்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டதாக நின்றுவிடுவார். (காகிள்ஸ் எப்போதும் ஐந்தாவது நூறில்தான் ஒழுகும்.) ஆறாவது 2:50. முதல் நூறில் அவர் கையின் வீச்சு நீளமாக இருந்திருக்கும், 25 மீட்டருக்கு 22 வீச்சு. நாலாவதில் 29. வேகம் குறைந்ததோடு நிற்கவில்லை. களைப்பில் முழங்கை விழுந்து, தப்பான கையசைவையே நூறு முறை பழகிவிட்டுப் போகிறார்.

அதே ஆள் தன் எண்ணைப் பிடித்துப் போனால்: 2:26, 2:25, 2:25, 2:24, 2:25, 2:22. முதல் இரண்டு நூறு "இவ்வளவு மெதுவாவா?" என்று தோன்ற வேண்டும், அதுதான் சரியான அறிகுறி. கடிகார நாளின் வெற்றியாளரை ஆக வேகமான நூறை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறில் வேகமானதற்கும் மெதுவானதற்கும் உள்ள இடைவெளியை எடுங்கள். மேலே சொன்ன இரண்டாவது கணக்கில் அது 4 நொடி. குழுவிலேயே குறைந்த இடைவெளி யாருடையதோ அவர் ஜெயித்தார். இப்படி வைத்தால் 3:30 லேனில் இருக்கும் அறுபது வயது அக்கா 2:15 லேனின் இளைஞரைத் தோற்கடிப்பது அடிக்கடி நடக்கும். போட்டி குறைந்ததாகவும் ஆகாது, இன்னும் கடுமையாகிவிடும், ஆனால் எதிராளி அவரவர் முந்தைய நூறு.

விளையாட்டு நாளுக்குச் சில

விளையாட்டு நாள் என்றால் மிதந்துகொண்டு பேசும் நாள் என்று நினைத்துவிடக் கூடாது. நன்றாக அமைந்தால் கடிகார நாளைவிட அதிகமாக மூச்சு வாங்கும்.

சொன்ன நேரம்: ஒவ்வொருவரும் 200 மீட்டரை எத்தனை நேரத்தில் முடிப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா வாட்சும் கழற்றி ஒரு பக்கெட்டில். சுவர்க் கடிகாரத்தின் மேல் ஒரு துண்டு. 4:40 என்று எழுதியவர் 4:43.2-ல் வந்தால் பிழை 3.2 நொடி. பிழை குறைந்தவர் ஜெயித்தார். மனதுக்குள் எண்ணிக்கொண்டு போவது ஏமாற்று ஆகாது, அதுதான் வேகத்தை உணரும் பயிற்சியே. வழக்கமாக இதில் தோற்பவர்கள் எப்போதும் வாட்சைப் பார்த்து நீந்துகிறவர்கள்.

முன்பின் புறப்பாடு: நூறு மீட்டர் நேரத்தை வைத்து மெதுவானவரை முதலில் அனுப்புங்கள். 2:40 உள்ளவர் பூஜ்ஜியத்தில், 2:05 உள்ளவர் 35 நொடி கழித்து, 1:48 உள்ளவர் 52 நொடி கழித்து. கணக்கு சரியாக இருந்தால் கடைசி 10 மீட்டரில் மூவரும் ஒரே கோட்டில் வருவார்கள், கரையில் இருப்பவர்கள் கத்துவது தெருமுனை வரை கேட்கும். இதில் பம்முகிறவர்கள் உண்டு, வேண்டுமென்றே மெதுவான நேரம் கொடுப்பார்கள். மருந்து: கொடுத்த நேரத்தைவிட 3 சதவீதத்துக்கு மேல் வேகமாக வந்தால் ஆட்டமிழப்பு. 2:40-க்கு அது ஏறக்குறைய 5 நொடி.

நொடியும் வீச்சும்: 25 மீட்டருக்கு ஆன நொடியையும் கைவீச்சுகளையும் கூட்டுங்கள். 34 நொடி, 22 வீச்சு என்றால் 56. அடுத்த நீளத்தில் அதைக் குறைக்க வேண்டும். கையைச் சும்மா வேகமாகச் சுற்றினால் வீச்சு கூடும், மிதந்து சறுக்கிக்கொண்டே இருந்தால் நொடி கூடும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும். உயரம் குறைந்தவரின் எண்ணை உயரமானவரோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

டிஷர்ட் ரிலே: முழுக்கை காட்டன் டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு நீளம், பிறகு கழற்றி அடுத்தவருக்கு. கொடுப்பவரும் வாங்குபவரும் இரு கைகளையும் கோத்துக் குனிந்து நிற்க, மூன்றாவது ஆள் சட்டையை உரித்தபடி ஒருவர் மேலிருந்து மற்றவர் மேல் இழுத்துவிட்டால் சில நொடிகளில் வேலை முடியும். தனியாகக் கழற்றினால் ஈரத் துணி தலையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே நின்றால் கால் எட்டும் ஆழத்தில் மட்டும்.

ஒரு விளையாட்டு மட்டும் எந்த நாளும் வேண்டாம்: யார் அதிக நேரம் மூச்சடக்குவது, யார் தண்ணீருக்கடியில் அதிக தூரம் போவது. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்செடுக்கச் சொல்லி உந்துவது அந்த வாயுதான். உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்ஸிஜன் தீர்ந்து நினைவு தப்பும். சத்தமே இருக்காது. நன்றாக நீந்துகிறவர்களுக்குத்தான் இது நடக்கிறது, நாலடித் தண்ணீரிலும் நடக்கிறது.

உடம்பு

40 வயதைக் கடந்தவர், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர், வீட்டில் இதய நோய் வரலாறு உள்ளவர் ஆகியோர் முழு வேக நீச்சலைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் குளத்தில் சர்க்கரை இறங்கலாம். கரையில் குளுக்கோஸும் கடலை மிட்டாயும் இருக்கட்டும், பக்கத்து லேன்காரருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், இடது கையில் வலி வந்தால் அந்தச் சுற்றை முடித்துவிட்டு ஏறலாம் என்று நினைக்க வேண்டாம்.

தோள்தான் பெரியவர்களுக்கு முதலில் போகும். காரணம் பெரும்பாலும் கைப் பேடில் (உள்ளங்கையில் மாட்டும் தட்டு), அல்லது ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குவது. பேடில் போட்டு ஒரு நாளைக்கு 200 மீட்டருக்கு மேல் வேண்டாம், வாராந்திரத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் சுவரைப் பிடித்து, கால் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். குளத்திலும் வியர்க்கிறது, தெரிவதில்லை. தண்ணீர் பாட்டில் கரையிலேயே இருக்கட்டும்.

மீட்டுக்குப் போவதென்றால்

'மாஸ்டர்ஸ்' என்றதும் நம் ஊரில் பரோட்டா மாஸ்டர்தான் நினைவுக்கு வருவார். நீச்சலில் அது வயது வந்தவர்களுக்கான போட்டிப் பிரிவு. 1970 மே மாதம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் அமரில்லோவில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. அதற்குப் பின்னால் இருந்த கடற்படை மருத்துவர் ரான்சம் ஆர்தரின் நோக்கம் பதக்கத்தைவிட உடல்நலம்தான். ஒரு போட்டித் தேதி இருந்தால் ஆட்கள் விடாமல் பயிற்சிக்கு வருவார்கள் என்ற கணக்கு. முதல் உலக மாஸ்டர்ஸ் 1986-ல் டோக்கியோவில் நடந்தது, 2025-ஆம் ஆண்டின் போட்டி சிங்கப்பூரில். ஜப்பானின் மியெகோ நாகாவோகா, 80-ஐத் தொட்ட பிறகே நீச்சலில் இறங்கியவர், 2015-ல் 100 வயதில் 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54.39 நொடியில் முடித்தார். நீந்தியது முழுக்க பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது). ஃப்ரீஸ்டைல் போட்டியில் எந்த முறையிலும் நீந்தலாம் என்பது பலருக்குத் தெரியாத விதி, மூச்சு பிடிபடாதவர்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நீச்சலின் உலக அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸ் விதிப்படி 25 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ல் உள்ள வயதுதான் கணக்கு. 1981 நவம்பரில் பிறந்தவர் 2026 ஜனவரி மீட்டில்கூட 45–49 பிரிவு. பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்று 40–44-ல் பெயர் கொடுத்தால் சிக்கல். உள்ளூர் மீட்டுகள் தங்கள் சுற்றறிக்கையில் வேறு விதி வைத்திருக்கலாம், அதையும் பாருங்கள். வயதுச் சான்றும் மருத்துவச் சான்றும் கேட்கப்படலாம், முந்தின நாள் தேட வேண்டாம்.

முதல் மீட்டுக்கு 50 ஃப்ரீஸ்டைல், 50 பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஒரு ரிலே. அவ்வளவு போதும். பதிவு நேரத்தை உண்மையாகக் கொடுங்கள். கௌரவத்துக்கு 10 நொடி குறைத்துக் கொடுத்தால் வேகமான ஹீட்டில் (நேரத்தை வைத்துப் பிரிக்கும் ஓட்டம்) தனியாகக் கடைசியில் வருவீர்கள். சரியான ஹீட்டில் இருந்தால் இரு பக்கமும் ஆள் இருப்பார்.

டைவ் கட்டாயம் இல்லை. மாஸ்டர்ஸில் மேடையிலிருந்தும் கிளம்பலாம், கரையிலிருந்தும் கிளம்பலாம், தண்ணீரில் சுவரை உதைத்தும் கிளம்பலாம். மேடை உள்ள குளத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உங்கள் பயிற்சிக் குளம் நாலடி என்றால் அது 1.2 மீட்டர்தான், அங்கே டைவ் பழகவே கூடாது. பழகாத டைவை மீட்டில் முதல்முறையாகப் போட்டுக் காகிள்ஸ் கழுத்தில் மாலையாகத் தொங்க நீந்துவதைவிட, சுவரை உதைத்துப் போய்விடலாம்.

தகுதி நீக்கம் எங்கே வருகிறது? பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும், இரு கைகளையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃப்ளையிலும் ஒவ்வொரு டர்னிலும் முடிவிலும் இரு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சுவரைத் தொட வேண்டும். அவசரத்தில் ஒரு கை முந்திவிடும். பயிற்சியில் ஒவ்வொரு டர்னிலும் இரு கையால் தொடுகிறவருக்கு இது வராது. 'மீட்டுல பாத்துக்கலாம்' என்கிறவருக்குத்தான் வரும். பேக்ஸ்ட்ரோக்கில் சுவர் வந்ததா என்று திரும்பிப் பார்த்துக் குப்புற விழுந்து முடித்தால் போச்சு. மேலே கட்டியிருக்கும் கொடித்தோரணத்திலிருந்து சுவருக்கு 5 மீட்டர். அதற்கு உங்களுக்கு எத்தனை வீச்சு என்று வார்ம்-அப்பில் எண்ணிவையுங்கள். பட்டர்ஃப்ளைக்கு மட்டும் மாஸ்டர்ஸில் ஒரு சலுகை உண்டு, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதையைப் பயன்படுத்தலாம். முதுகுவலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

நூறு மீட்டர் நீந்துகிறவர்கள் முதல் பாதியில் சாகாமல் இருக்க வேண்டும். 1:50 போகக்கூடியவருக்கு 52 + 58 நல்ல பங்கீடு. கூட்டத்தின் சத்தத்தில் 46-ல் திரும்பினால் இரண்டாம் பாதி 1:10 ஆகி, மொத்தம் 1:56.

ரிலேதான் இரு கட்சியும் சேரும் இடம். மாஸ்டர்ஸ் ரிலேயில் நாலு பேரின் வயதைக் கூட்டிப் பிரிவு போடுகிறார்கள்: 100–119, 120–159, 160–199, 200–239 என்று மேலே போகும். 31, 35, 48, 62 சேர்ந்தால் 176, அது 160–199. 35-க்குப் பதில் 59 வயதுக்காரர் வந்தால் கூட்டு 200, பிரிவே மாறிவிடும், எதிர்த்து நீந்தும் அணிகளுக்கும் வயது ஏறிவிடும். விளையாட்டு நாளுக்கு மட்டும் வரும் 59 வயதுக்காரரை அப்போது போட்டிக்காரர்கள் தேடிப்போய் டீ வாங்கிக் கொடுப்பார்கள். கலப்பு ரிலே என்றால் இரு ஆண், இரு பெண். யார் எந்த வரிசை என்பதைக் குளத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்யுங்கள். கடைசி ஆளாகப் பதற்றப்படாதவரை வையுங்கள், அவர் ஆக வேகமானவராக இருக்க வேண்டியதில்லை. முன்னவர் சுவரைத் தொடும் முன் அடுத்தவரின் கால் மேடையை விட்டால் நாலு பேர் உழைப்பும் வீண். ஆகவே மாற்றத்தை மட்டும் முந்தின வாரம் பத்து முறை பழகுங்கள்.

மீட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி. பூரி மசாலா முடிந்த பிறகு.

அடுத்த பயிற்சி நாளில் கடிகாரம் வேண்டாம், 800 மீட்டர் நிதானமாக. நோட்டில் தேதி, குளத்தின் நீளம், கிளம்பிய முறை, பாதி நேரம், முழு நேரம் என்று ஒரு வரி. எட்டாவது வாரம் மறுபடி 400-உம் 200-உம். சிலர் எண் இறங்கும், சிலர் எண் ஏறும். ஏறியவரிடம் காரணம் கேட்க வேண்டாம், தூக்கம் கெட்டிருக்கும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். பெயரைப் போடாமல் எண்களை மட்டும் பலகையில் எழுதி வையுங்கள். தன் எண் எந்த லேன் என்று அவரே பார்த்து, கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.